தடை எழுதும் விடை
(பாகூர் அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

புதுச்சேரி பேருந்து நிலையத்தில் பாகூர் வண்டி கிளம்பக் காத்திருக்கிறது. ஓட்டுநர் என்ஜினை அணைக்காமல் கீழே நின்று தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். ஜன்னலோரம் இடம் பிடித்தவருக்கு அது பெருந்தொல்லை. பக்கத்துக் கண்ணாடி சட்டத்துக்குள் கடகடவென்று அடித்துக்கொள்கிறது. கையால் அழுத்திப் பிடித்தால் அடங்குகிறது, விட்டால் மறுபடியும் தொடங்குகிறது. ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். என்ஜின் மூன்று மடங்கு வேகத்தில் உறுமுகிறது. கண்ணாடி சட்டென்று வாயை மூடிக்கொள்கிறது. அரியாங்குப்பத்தில் வண்டி நின்றதும் மீண்டும் கடகட. தவளக்குப்பத்தில் கடகட. கிருமாம்பாக்கத்தில் கடகட. ஓடும்போது மட்டும் அமைதி.

மெதுவாக உலுக்கினால் ஆடுகிற கண்ணாடி, வேகமாக உலுக்கினால் ஏன் சும்மா இருக்கிறது? ஐம்பது பேர் போகும் பேருந்தில் இதைக் கேட்டவர் ஒருவராவது இருப்பார். இதற்கு விடை சொல்லும் சமன்பாடு கல்லூரியில் இயற்பியலோ பொறியியலோ படித்த எல்லாருக்கும் அறிமுகமானதுதான். தேர்வுக்கு முதல் நாள் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மறுநாள் மறந்துபோன கணக்கு அது. திணிப்பு அலைவுகளின் வகைக்கெழுச் சமன்பாடு என்று பெயர். இன்றைய பொழிவு அந்த ஒரு சமன்பாட்டைப் பற்றியது. அதிலும் குறிப்பாக, அதில் வரும் ஓர் உறுப்பைப் பற்றியது.

கல்விக்கென்று அறக்கட்டளை வைப்பது பாகூருக்குப் புதிய வழக்கமில்லை. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், இவ்வூரில் நடந்துவந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டன. அதைச் சொல்லும் செப்பேடுகள் இங்கேயே கிடைத்தன. பாகூர்ச் செப்பேடுகள் என்று வரலாற்றுக்காரர்கள் சொல்வது அவற்றைத்தான். மூன்று ஊர் விளைச்சலில் பாடம் நடந்த ஊரில் ஒரு மாலைப் பொழுதில் ஒரு சமன்பாட்டை அவிழ்ப்பது அப்படியொன்றும் பேராசை ஆகாது.

கரும்பலகைக்குப் போகும் முன் ஒரு தூளியைக் கட்டிக்கொள்வது நல்லது. இப்போதெல்லாம் பல வீடுகளில் தூளியை விட்டத்தில் நேராகக் கட்டுவதில்லை. நடுவே ஒரு தொட்டில் ஸ்பிரிங்கை மாட்டுகிறார்கள். பிள்ளையைப் போட்டதும் தூளி ஒரு சாணளவு கீழே இறங்கி நிற்கிறது. அம்மா லேசாகக் கீழே இழுத்துவிட்டால் மேலும் கீழும் ஆடுகிறது. சமன்பாட்டுக்கு வேண்டிய நான்கு பேரும் இங்கேயே இருக்கிறார்கள். பிள்ளையின் எடை நிறை. ஸ்பிரிங்கின் இறுக்கம் விறைப்பு. ஆட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற கயிற்று உராய்வும் துணியின் நெளிவும் காற்றும் சேர்ந்தது தடை. அம்மாவின் கை வெளிவிசை.

இனிச் சமன்பாடு: நிறையை முடுக்கத்தாலும், தடையை வேகத்தாலும், விறைப்பை விலகலாலும் பெருக்கி, மூன்றையும் கூட்டினால் அது வெளிவிசைக்குச் சமம். அவ்வளவே. கடினம் எங்கே வருகிறதென்றால், வேகம் என்பது விலகல் மாறும் வீதம். முடுக்கம் என்பது வேகம் மாறும் வீதம். மூன்றும் ஒரே ஆளின் மூன்று முகங்கள். ஆகவே இங்கே தேடப்படுவது ஓர் எண் இல்லை. ஒரு முழு அசைவே விடையாக வரவேண்டும்: இந்த நொடி எங்கே, அடுத்த நொடி எங்கே, பத்து நிமிடம் கழித்து எங்கே என்ற கதை முழுவதும்.

பாடநூல் இந்த விடையை இரண்டு துண்டாக்கிக் கூட்டச் சொல்கிறது. முதல் துண்டுக்கு நிரப்புச் சார்பு என்று பெயர். அம்மா கையை எடுத்துவிட்டால் தூளி என்ன செய்யும் என்பதே அது. தூளி தன் இயல்பான தாளத்தில் ஆடும், ஆட்டம் தேயும். அந்தத் தாளத்தைக் கண்டுபிடிக்க எடையும் தெரிய வேண்டாம், ஸ்பிரிங்கும் தெரிய வேண்டாம். பிள்ளையைப் போட்டதும் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது என்று அளந்து, அதன் வர்க்கமூலத்தால் 5ஐ வகுத்தால் போதும். 25 சென்டிமீட்டர் இறங்கினால் விநாடிக்கு ஒரு முறை. 12 சென்டிமீட்டர் என்றால் விநாடிக்கு ஏறத்தாழ ஒன்றரை முறை. பிள்ளை வளர வளரத் தூளி இன்னும் இறங்கும், தாளமும் நிதானப்படும். பேருந்தின் பட்டைவில்லுக்கும் லாரியின் என்ஜினைத் தாங்கும் ரப்பர்க் கட்டைக்கும் இதே கணக்குத்தான். விறைப்பு சீராக இருந்தால் போதும்.

தேய்வதற்கும் ஒரு முறை உண்டு. முதல் ஆட்டத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அடுத்த ஆட்டத்தில் மிச்சமிருப்பதில் பத்தில் ஒரு பங்கு குறையும், அதற்கடுத்ததில் அதன் மிச்சத்தில். கூட்டுவட்டியைத் தலைகீழாகப் பார்ப்பதுபோல. வட்டிக்கு வாங்கியவருக்கு இந்தச் சார்பை விளக்கவே வேண்டாம்.

இரண்டாம் துண்டு சிறப்புத் தீர்வு. இதைக் கண்டுபிடிக்க ஆசிரியர் சொல்லும் வழி மாணவர்களுக்கு எப்போதும் சந்தேகத்தைக் கிளப்பும்: 'விடை இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து உள்ளே போட்டுப் பார்.' ஊகிப்பது கணக்கா, குறி பார்ப்பதா? ஆனால் அந்த ஊகத்துக்கு வலுவான காரணம் இருக்கிறது. அம்மாவின் கை சீரான தாளத்தில் இழுக்கிறது. சீரான அலையொன்றின் மாறும் வீதத்தை எடுத்தால் அதே தாளத்தில் இன்னோர் அலைதான் வரும். கால்பங்கு முன்னே தள்ளியிருக்கும். மறுபடி எடுத்தால் இன்னொரு கால்பங்கு. தாளம் மட்டும் மாறவே மாறாது. எனவே சமன்பாட்டின் இரு பக்கமும் எக்காலத்திலும் சமமாக இருக்க வேண்டுமென்றால், கடைசியில் தூளி ஆடுவது அம்மாவின் தாளத்தில்தான். தன் சொந்தத் தாளம் எதுவாக இருந்தாலும் அது முதல் துண்டோடு தேய்ந்து போய்விடும். தேய்த்து அழிப்பது தடை. தடை இல்லாவிட்டால் அந்தப் பழைய தாளம் ஒருநாளும் போகாது.

எவ்வளவு ஆடும் என்பதை மூன்று அம்புகளை வரைந்தே சொல்லிவிடலாம். விறைப்பின் அம்பு கிழக்கே பார்க்கட்டும். தடையின் அம்பு அதற்குக் கால்வட்டம் திரும்பி வடக்கே பார்க்கும். நிறையின் அம்பு இன்னொரு கால்வட்டம் திரும்பி மேற்கே பார்க்கும். அதாவது விறைப்பும் நிறையும் எப்போதும் நேரெதிர். இந்த மூன்றையும் தலையும் வாலுமாகச் சேர்த்தால் வருவது வெளிவிசையின் அம்பு.

கை மிக மெதுவாக இழுத்தால் நிறைக்கு வேலையே இல்லை; விறைப்பு மட்டும் எதிர்த்து நிற்கும்; தூளி கையோடு சேர்ந்து ஏறி இறங்கும். கை மிக வேகமாக இழுத்தால் நிறையின் அம்பு வேகத்தின் வர்க்கமாக நீண்டு மற்ற இரண்டையும் அமுக்கிவிடும். கை கீழே போகும்போது தூளி மேலே போகும், ஆட்டமும் குறுகிவிடும். இயல்புத் தாளத்தைப் போல மும்மடங்கு வேகத்தில் தள்ளினால், அதே விசையை அசையாமல் கொடுத்து நிறுத்தும்போது எவ்வளவு நகருமோ அதில் எட்டில் ஒரு பங்குதான் நகரும். பேருந்துக் கண்ணாடி வாயை மூடிய கதை இதுதான். நிற்கும் வண்டியின் என்ஜின் போடும் தாளம் கண்ணாடியின் இயல்புத் தாளத்துக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் அது எங்கோ மேலே போய்விட்டது.

இரண்டும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால்? கிழக்கே பார்க்கும் அம்பும் மேற்கே பார்க்கும் அம்பும் ஒரே நீளம். ஒன்றையொன்று கழித்துக்கொண்டு இரண்டும் களத்தைவிட்டுப் போய்விடுகின்றன. மிச்சம் நிற்பது வடக்கே பார்க்கும் தடை ஒன்றுதான். வெளிவிசை முழுவதையும் அது தனியாகத் தாங்க வேண்டும். ஒத்ததிர்வு என்பது இந்த நிலை. இங்கே ஆட்டத்தின் அளவை நிறை முடிவு செய்யவில்லை, விறைப்பும் முடிவு செய்யவில்லை. தடை பாதியானால் ஆட்டம் இரண்டு மடங்கு. தடை பத்தில் ஒன்றானால் பத்து மடங்கு. அம்மாவின் கையைக் கவனித்தாலும் இது தெரியும். பிள்ளை கீழ்க்கோடியில் இருக்கும்போது அவர் இழுப்பதில்லை. நடுவைக் கடந்து வேகமாகக் கீழே போகும்போது ஒரு சின்னச் சுண்டு. வேகத்தோடு சேர்ந்து கொடுக்கும் விசை அது. ஒவ்வொரு ஆட்டத்திலும் தடை தின்றதை அவர் திருப்பி ஊட்டுகிறார். ஒரு குண்டுமணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அப்படியிருக்க, நம் ஊர்க் கேள்வித்தாள்களில் இந்தக் கணக்கு எப்படித் தொடங்குகிறது? 'தடை புறக்கணிக்கத்தக்கது எனக் கொள்க.' அந்த ஒரு வரியால் கணக்கு எளிதாகிறது என்பது உண்மைதான். விளைவு, ஒத்ததிர்வு வரும் இடத்தில் பகுதியில் சுழியம் வந்து, விடை முடிவிலி என்றாகிவிடுகிறது. மாணவர் முடிவிலியை எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கிக்கொண்டு போகிறார். முடிவிலிக்கு ஆடிய தூளியை யாரும் பார்த்ததில்லை. தடையே இல்லையென்று வைத்துக்கொண்டாலும்கூட ஆட்டம் ஒரே நொடியில் முடிவிலிக்குத் தாவாது. ஒவ்வொரு சுற்றுக்கும் பை மடங்கு, அதாவது அந்த விசை அசையாமல் நின்றால் தரும் விலகலைப்போல் 3.14 பங்கு, கூடிக்கொண்டே போகும். படிப்படியாக ஏறும் கடன். இந்தப் படிப்படியான ஏற்றம் நிரப்புச் சார்பும் சிறப்புத் தீர்வும் சேர்ந்து தருவது. 'முதல் துண்டு எப்படியும் தேய்ந்துவிடும், விட்டுவிடு' என்று சொல்லும் அவசரத்தில் இதுவும் காணாமல் போகிறது.

அதை விடக்கூடாது என்பதற்குப் பாகூர் வயல்களிலேயே சாட்சி உண்டு. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய ஊர். மின்மோட்டார் பரவும் முன் டீசல் என்ஜின்கள் தண்ணீர் இறைத்த காலத்தை ஐம்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் என்ஜின், மரக்கட்டைச் சட்டத்தில் மாட்டியிருந்தாலும் ஒரு சீராக ஓடும். நிறுத்தும்போதுதான் வேடிக்கை. சுற்று குறைந்துகொண்டே வர, ஏதோ ஓரிடத்தில் மொத்த என்ஜினும் பிசாசு பிடித்ததுபோல் குலுங்கி, அதைக் கடந்ததும் அடங்கி நிற்கும். வேகம் குறையும் வழியில் சட்டத்தின் இயல்புத் தாளத்தை அது கடந்தாக வேண்டும். கிளப்பும்போது அதே இடத்தைச் சட்டென்று தாண்டிவிடுவதால் குலுக்கல் குறைவு. சுற்றுக்கு இவ்வளவென்று ஏறும் கடன், சுற்றுகள் குறைவாக இருந்தால் அதிகம் ஏறாது. பெரிய மின்நிலைய விசையாழிகளை ஓட்டுபவர்களும் 'அபாய வேகம்' என்று குறித்த இடத்தில் தங்குவதில்லை, விரைந்து கடந்துவிடுகிறார்கள். வயலில் இருந்தவருக்கு அந்தப் பெயர் தெரியாது, பழக்கம் தெரியும்.

2001 செப்டம்பர் 25, செவ்வாய்க்கிழமை இரவு எட்டரை மணியை நெருங்கும் நேரத்தில் இந்தச் சமன்பாடு புதுச்சேரி வீடுகளின் தரைக்கடியில் வந்து நின்றது. கடலுக்குள் மையம் கொண்ட, சுமார் 5.5 அளவுள்ள நிலநடுக்கம். புதுச்சேரியிலும் சென்னையிலும் மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். கட்டடத்தைப் பொறுத்தவரை நிலநடுக்கம் என்பது கீழே இருந்து இழுக்கும் கை. தளங்களின் எடை நிறை. தூண்களின் வளையாமை விறைப்பு. காங்கிரீட் சட்டக் கட்டடத்தின் அலைவுக்காலத்தை மதிப்பிட ஐ.எஸ். 1893 என்னும் இந்தியத் தரநூல் எளிய வாய்பாடு ஒன்றைத் தருகிறது: மீட்டரில் உயரம் எவ்வளவோ அதன் முக்கால் அடுக்கை எடுத்து 0.075ஆல் பெருக்க வேண்டும். மூன்று மாடி, 10 மீட்டர் உயரம் என்றால் ஏறத்தாழ 0.42 விநாடி. 30 மீட்டர் என்றால் ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவு. உயரம் கூடக் கூடத் தாளம் நிதானப்படுகிறது. தூளியில் பிள்ளை வளர்ந்த கதைதான்.

கிட்டத்தில் வரும் சிறிய நடுக்கம் குறுகிய தாளங்களை அள்ளிக்கொண்டு வரும். தொலைவில் நடக்கும் பெரிய நடுக்கத்தின் குறுகிய தாளங்கள் வழியிலேயே தேய்ந்துபோய், நீண்ட தாளங்கள் மட்டும் வந்து சேரும். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நடுக்கம் வந்தபோது, சென்னையின் உயரமான கட்டடங்களில் இருந்தவர்கள் படிக்கட்டில் இறங்கி ஓடினார்கள். தரைத்தளத்தில் இருந்த பலருக்கு இவர்கள் ஏன் ஓடுகிறார்கள் என்றே புரியவில்லை. ஒரே நகரம், ஒரே நடுக்கம். இதன் கொடுமையான வடிவம் 1985 செப்டம்பர் 19இல் மெக்சிகோ நகரத்தில் நடந்தது. மையம் 350 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனால் நகரத்தின் பெரும்பகுதி பழைய ஏரியொன்றின் களிமண் படுகையில் நின்றது. அந்தக் களிமண்ணுக்கு ஏறக்குறைய 2 விநாடித் தாளம். அதற்கு ஒத்துப்போன நடுத்தர உயரக் கட்டடங்கள் பொலபொலவென்று விழ, குட்டையானவையும் மிக உயரமானவையும் பெரும்பாலும் தப்பின. ஏரியும் களிமண்ணும் என்றதும் பாகூர்க்காரர் காதைத் தீட்டிக்கொள்வார். புதுச்சேரிப் பகுதியின் இரண்டாவது பெரிய ஏரி இங்கேதானே இருக்கிறது? ஆனால் களிமண்ணின் ஆழத்தையும் இளக்கத்தையும் அளக்காமல் மெக்சிகோவின் எண்ணை இங்கே தூக்கிவந்து பொருத்த முடியாது.

கட்டடக் கணக்கிலும் கடைசிச் சொல் தடையினுடையதே. காங்கிரீட் கட்டடத்துக்குத் தரநூல் எடுத்துக்கொள்ளும் தடை, நூற்றுக்கு 5 பங்கு. எதற்கு நூற்றுக்கு 5? ஆட்டமே இல்லாமல், இழுத்துவிட்டதும் மெல்லத் தன் இடத்துக்குத் திரும்பி நிற்க எவ்வளவு தடை வேண்டுமோ அதில். அந்த 5 பங்கின் பலனாக ஒத்ததிர்வில் ஆட்டம் பத்து மடங்கோடு நின்றுவிடுகிறது. 2 பங்கே இருந்தால் இருபத்தைந்து மடங்கு. செங்கற்சுவர் உரசுவதும், பூச்சில் மயிரிழை விரிசல் விழுவதும் ஆற்றலைத் தின்னும் வழிகளே. நடுக்கம் போன பிறகு சுவரில் விரிசலைக் கண்டு நொந்துகொள்ளும் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார், இருந்தாலும் உண்மை.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே கை, ஒரே தாளம். உண்மை உலகில் பல கைகள் ஒரே நேரத்தில் இழுக்கின்றன. மூர்த்திக்குப்பம் கடற்கரையில் நின்றால், நிலவும் கதிரவனும் சேர்ந்து கடலை இழுப்பதைக் காணலாம். நிலவின் முக்கியத் தாளம் 12 மணி 25 நிமிடம். கதிரவனுடையது சரியாக 12 மணி. சமன்பாடு நேரியல்பு உடையது என்பதால் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஒவ்வொரு கைக்கும் தனித்தனியே விடை கண்டு கூட்டிவிடலாம். இந்தக் கூட்டலைச் செய்வதற்கென்றே, இந்தியத் துறைமுகங்களின் ஓத அட்டவணைகளுக்காக 1879இல் இங்கிலாந்தில் கப்பிகளும் பற்சக்கரங்களும் கோத்த பொறி ஒன்றைக் கட்டினார்கள். ஒரு தாளத்துக்கு ஒரு சக்கரம். எல்லாச் சக்கரங்களின் ஆட்டத்தையும் ஒரே கம்பி கூட்டி எழுதும். புதுச்சேரிக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் ஒரு மீட்டர்தான். அதே நிலவு குஜராத்தின் காம்பே வளைகுடாவில் தண்ணீரைப் பத்து மீட்டருக்கும் மேல் தூக்குகிறது. இழுக்கும் கையில் வேறுபாடில்லை. இழுபடும் தண்ணீர் கிடக்கும் வளைகுடாவின் நீளமும் ஆழமும், உள்ளே போகப் போகக் குறுகும் வடிவமும் வேறு.

இனித் தூளிக்குத் திரும்ப வேண்டும். அங்கே இன்னும் ஒரு குறும்பு மிச்சமிருக்கிறது. ஸ்பிரிங் தூளிக்கு மேலும் கீழுமான ஆட்டத்தோடு ஊஞ்சல்போலப் பக்கவாட்டு ஆட்டமும் உண்டு. கொக்கியிலிருந்து பிள்ளை வரையுள்ள தொங்கும் நீளம் 120 சென்டிமீட்டர் என்றால் ஒரு பக்கவாட்டு ஆட்டத்துக்கு 2.2 விநாடி. பிள்ளையைப் போட்டதும் தூளி இறங்கியது 30 சென்டிமீட்டர் என்றால் மேலும் கீழுமாக ஓர் ஆட்டத்துக்கு 1.1 விநாடி. சரியாகப் பாதி. அதாவது இறக்கத்தைப்போல் நான்கு மடங்கு தொங்கும் நீளம் இருந்தால், மேலும் கீழும் மட்டும் ஆட்டிவிட்ட தூளி சிறிது நேரத்தில் தானாகப் பக்கவாட்டில் ஆடத் தொடங்கிவிடும். யாரும் பக்கவாட்டில் தள்ளவில்லை. வழக்கமாகத் தூளிகள் இந்த விகிதத்துக்கு வெளியேதான் தொங்குகின்றன, அதனால் பாட்டிமார்கள் பயப்படாமல் இருக்கிறார்கள்.

இங்கே நடப்பது என்ன? வெளிவிசை சமன்பாட்டின் வலப்பக்கத்தில் உட்காரவில்லை. அது இடப்பக்கத்துக்குள் நுழைந்து, ஒரு கெழுவையே ஏற்றி இறக்குகிறது. ஸ்பிரிங் இழுபடும்போது பக்கவாட்டு ஆட்டத்தைத் திருப்பும் விசை கூடுகிறது, தளரும்போது குறைகிறது. ஒரு பக்கவாட்டு ஆட்டத்துக்கு இரண்டு முறை. இத்தகைய சமன்பாட்டுக்கு மாத்தியூ என்ற பிரெஞ்சுக் கணிதரின் பெயர் வழங்குகிறது. இதைக் கம்பியில் ஆராய்ந்தவர் திருச்சிக்காரர் ஒருவர்.

1907இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாக வேலைக்குச் சேர்ந்த சி. வி. ராமன், அலுவலக நேரத்துக்கு வெளியே இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில் இழுத்துக் கட்டிய கம்பிகளோடு காலம் கழித்தார். ஒளியைப் பற்றிய ஆய்வு அவருக்கு நோபல் வாங்கித் தந்தது 1930இல். அதற்கு இருபதாண்டு முன்பே அவரது கவனம் இருந்தது திணிப்பு அலைவுகளில். கம்பியின் ஒரு முனையை இசைக்கவையில் கட்டி, கம்பியின் போக்கிலேயே கவை அதிரும்படி வைத்தால், கவை கம்பியைப் பக்கவாட்டில் தள்ளாது. அதன் இழுவிசையைத்தான் ஏற்றி இறக்கும். அப்போது கம்பி கவையின் பாதித் தாளத்தில் அதிரும் என்பது ஐரோப்பாவில் மெல்டே காட்டி, ரேலே விளக்கிய செய்தி. ராமன் அதற்கு மேலே போனார். கம்பியின் இயல்புத் தாளம் கவையின் தாளத்தில் பாதியாக மட்டுமல்ல, ஒரு மடங்கு, ஒன்றரை மடங்கு என அரையரையாக ஏறும் ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் இருந்தாலும் அதிர்வு பிடித்துக்கொள்ளும் என்று காட்டினார். 1909இல் 'நேச்சர்' இதழில் இது பற்றி எழுதினார். 1912இல் கழகத்தின் வெளியீடாக விரிவான ஆய்வு வந்தது. இந்த வகை அதிர்வுக்கு ஒரு நிபந்தனை உண்டு. வலப்பக்க விசை எவ்வளவு சிறியதானாலும் ஓர் ஆட்டத்தைத் தரும். இடப்பக்க விசையோ தடை கேட்கும் வாடகையைக் கொடுக்குமளவு வலுக்கும்வரை எதையுமே தராது. அந்த அளவைத் தாண்டியதும் கம்பி திடீரென்று விழித்துக்கொள்ளும்.

ராமன் பிறந்த நாள் நவம்பர் 7. அவருக்கு 52 வயது நிறைந்த அதே நாளில், 1940இல், அமெரிக்காவின் டகோமா தொங்குபாலம் காற்றில் முறுக்கி முறுக்கி ஆடி அறுந்து விழுந்தது. காற்றின் தாளமும் பாலத்தின் தாளமும் ஒத்துப்போனதால் விழுந்தது என்று பாடநூல்கள் பல ஆண்டுகளாக எழுதிவந்தன. இன்னும் சில எழுதுகின்றன. 1991இல் பில்லா, ஸ்கேன்லன் என்ற இரு பொறியியலாளர்கள் அதைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார்கள். மணிக்கு அறுபது சொச்சம் கிலோமீட்டர் வேகத்தில் நிலையாக வீசிய காற்றுக்குத் தாளம் ஏது? பாலம் தன் முறுக்கலாலேயே காற்றிலிருந்து ஆற்றலை உறிஞ்சிக்கொண்டது. கணக்கின் மொழியில் சொன்னால் தடையின் குறி மாறி, கூட்டல் இருந்த இடத்தில் கழித்தல் வந்து உட்கார்ந்துவிட்டது. தேய வேண்டிய ஆட்டம் வளர்ந்தது. தடையைப் புறக்கணித்த பாடநூலுக்கு இது கண்ணில் படாமல் போனதில் வியப்பில்லை.

குறி மாறிய தடையைப் பயந்து ஒதுக்காமல் வேண்டுமென்றே கட்டிப் பார்த்தவர்கள் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். நிறைக்குப் பதில் மின்தூண்டி, விறைப்புக்குப் பதில் மின்தேக்கி, தடைக்குப் பதில் மின்தடை என்று வைத்தால் தூளியின் சமன்பாடு ஒரு மின்சுற்றின் சமன்பாடாகிவிடும். க. முரளி, மு. லட்சுமணன், கலிஃபோர்னியாவின் லியோன் சுவா மூவரும் 1994இல் வெளியிட்ட சுற்று அப்படிப்பட்டது. 18 மில்லிஹென்றித் தூண்டி, 10 நானோஃபாரட் தேக்கி, 1,340 ஓம் தடை, விநாடிக்கு 8,890 முறை மாறும் சிறிய மின்னழுத்தம். இதுவரை பள்ளி ஆய்வகச் சாமான்தான். கூடவே ஒரே ஒரு உறுப்பு: சுவா டயோடு. செயல்பெருக்கிகளைக் கொண்டு வீட்டிலேயே கட்டக்கூடியது. அது ஆற்றலைத் தின்பதற்குப் பதில் ஊட்டும். ஆனால் மின்னழுத்தம் ஓர் அளவைத் தாண்டியதும் ஊட்டும் வீதத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அந்த வளைந்த குணத்தால் நேரியல்பு போய்விடுகிறது. கூட்டிக்கொள்ளும் வசதி போகிறது. ஊகித்துப் போடும் வித்தையும் போகிறது. வெளி மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே அலைகாட்டியின் திரையைப் பார்த்தால், முதலில் ஒற்றை வளையம்: வெளித்தாளத்துக்கு ஒரு சுற்று. பிறகு வளையம் இரண்டாகப் பிரிகிறது: இரண்டு தாளத்துக்கு ஒருமுறைதான் பழைய இடத்துக்கு வருகிறது. பிறகு நான்கு. பிறகு எந்தச் சுற்றும் முன்னைய சுற்றைப் போல இல்லை. தள்ளும் கை கடிகாரம்போல இருக்க, தள்ளப்படுவது ஒருபோதும் திரும்பச் சொல்லாத கதையைச் சொல்கிறது. இத்தகைய குழப்பநிலையைக் காட்டும் வெளித்தூண்டல் சுற்றுகளில் மிக எளியது என்று அவர்கள் அதை அறிமுகப்படுத்தினார்கள். மூன்று பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து எம்.எல்.சி. சுற்று என்று வழங்குகிறது.

விடையை வாய்பாடாக எழுத முடியாத இடத்தில் கணித்துக்கொண்டே நடக்க வேண்டியதுதான். இப்போது எங்கே இருக்கிறது, என்ன வேகம் என்று தெரிந்தால், சமன்பாடு முடுக்கத்தைச் சொல்லிவிடும். அதைக் கொண்டு நூறில் ஒரு விநாடிக்குப் பின் எங்கே, என்ன வேகம் என்று கணக்கிடலாம். பிறகு மறுபடியும். 1895இல் ரூங்கேயும் 1901இல் குட்டாவும் இந்த அடியெடுப்பைத் திருத்தமாக்கிய முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பள்ளிக் கணினியில் உள்ள அட்டவணைச் செயலியே போதும். நான்கு நெடுவரிசை, ஆயிரம் வரி.

தூளியின் குறும்பை அதில் போட்டுப் பார்க்கலாம். அதைவிடத் திண்ணையிலேயே கட்டிப் பார்ப்பது சுவையானது. பிள்ளை வேண்டாம், ஐந்து கிலோ மணல்பை போதும். தொட்டில் ஸ்பிரிங்கில் பையை மாட்டி, எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று அளந்துகொண்டு, கொக்கியிலிருந்து பையின் நடு வரை அதைப்போல் நான்கு மடங்கு வரும்படி கயிற்றின் முடிச்சைப் போட வேண்டும். பையை நேராகக் கீழே ஒரு சாண் இழுத்து விட்டால் முதலில் மேலும் கீழும் துள்ளும். கொஞ்ச நேரத்தில் துள்ளல் குறைந்து பை ஊஞ்சலாடும். பிறகு ஊஞ்சல் அடங்கி மறுபடி துள்ளும். கைமாற்று இப்படியே போய்வரும். முடிச்சை ஒரு சாண் மேலே ஏற்றிப் போட்டால், பை துள்ளுவதோடு நின்றுவிடும்.